கோல்ட் ஏர் இன்டேக் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கிய சில மாதங்களிலேயே பலருக்கும் வரும் முதல் ஆசை, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பளபளப்பான குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் மாட்டுவது. நல்ல ஆசைதான். ஆனால் பணம் கொடுக்கும் முன் உங்கள் எஞ்சினுக்குக் காற்று எந்த வழியாக, எவ்வளவு சூட்டோடு, எவ்வளவு சிரமப்பட்டு வருகிறது என்று அளந்து பாருங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த அளவுகளைப் பற்றியவை. சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ தினமும் ஓட்டும் சாதாரணக் காரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கோல்ட் ஏர் இன்டேக் என்பது என்ன? என் காரில் ஏற்கெனவே இருப்பது என்ன?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. அந்தக் காற்றை உள்ளே கொண்டுவரும் பாதை எல்லாக் காரிலும் உண்டு. முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட் அருகிலோ ஒரு வாய், அதிலிருந்து ஃபில்டர் பெட்டி, உள்ளே தட்டையான காகித ஃபில்டர், பிறகு மடிப்புள்ள ரப்பர் ஹோஸ், கடைசியில் த்ராட்டில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் வால்வு. கோல்ட் ஏர் இன்டேக் என்று கடையில் விற்கும் கிட், இந்தப் பெட்டியையும் ஹோஸையும் நீக்கிவிட்டு வழவழப்பான குழாயையும் கூம்பு ஃபில்டரையும் வைக்கிறது.

இன்றைய கார்களில் பெரும்பாலானவை வெளிக்காற்றைத்தான் எடுக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதாவது, குளிர்ந்த காற்றுக்கான ஏற்பாடு உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கக்கூடும். பானெட்டைத் திறந்து அந்த வாய் எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்தால், கிட் விற்பவர் சொல்லும் பலனில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

ஷார்ட் ராம் என்று ஒன்றும் விற்கிறார்களே?

அதில் குழாய் குட்டையானது. ஃபில்டர் எஞ்சின் அறைக்குள்ளேயே திறந்த நிலையில் உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் வெந்த காற்று நேராக அதன் மேல் வரும். பழைய மவுண்ட் ரோடு நெரிசலில் மே மாத மதியம் நிற்கும் காருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத இடம் கிடையாது. விலை குறைவு, மாட்டுவது சுலபம், சத்தம் அதிகம் என்பதால் நிறைய விற்பனையாகிறது. தினசரி ஓட்டத்துக்கு இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

காற்றின் சூடு அவ்வளவு முக்கியமா?

ஆம், கணக்கே சொல்லிவிடும். கடல்மட்டத்தில் 40 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.13 கிலோ. 60 டிகிரியில் அதே கன மீட்டர் சுமார் 1.06 கிலோதான். ஏறக்குறைய 6 சதவீதக் காற்று காணாமல் போகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவில் இறங்கும். இதோடு நிற்பதும் இல்லை. காற்று சூடாக இருந்தால் எஞ்சின் நாக் ஆகும், அதாவது கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும், வாய்ப்பு கூடும். அதைத் தடுக்க எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, தீப்பொறி விழும் இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதிலும் கொஞ்சம் பிக்கப் போகும்.

எனவே எஞ்சின் அறையிலிருந்து வெப்பக் காற்றை உறிஞ்சும் கிட், காற்றோட்டத்தில் கொடுப்பதைச் சூட்டில் திருப்பி எடுத்துக்கொள்ளும். உங்கள் காரின் நிலையை அறிய ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினியில் உள்ள எண்களைப் படித்துக் காட்டும் கருவி) போதும். அதில் இன்டேக் காற்றின் வெப்பநிலை தெரியும். நெடுஞ்சாலையில் சீராக ஓட்டும்போது அது வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரி மட்டுமே அதிகமாக இருந்தால், நிறுவனம் வைத்த பாதை தன் வேலையைச் செய்கிறது. கிட் மாட்டி அதைவிடக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவர முடியாது. வெளியில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்த காற்று எங்கிருந்து வரும்? டர்போ கார்களில் இந்த சென்சார் பல நேரங்களில், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கும். அங்கே காட்டும் எண்ணை இதே அர்த்தத்தில் படிக்கக் கூடாது.

சரி, எத்தனை குதிரைத்திறன் கூடும்?

அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணை விட்டுவிடுங்கள். உச்சவரம்பை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

வளிமண்டல அழுத்தம் சுமார் 1,033 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ஹோஸில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதை அழுத்தமானியில் இணைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து அதிக ஆர்பிஎம்மில் அளந்தால், காற்று உள்ளே வரும்போது எவ்வளவு அழுத்தத்தை இழக்கிறது என்று தெரிந்துவிடும். டைனோ (காரை நிறுத்திவைத்தே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) உள்ள ஒர்க்‌ஷாப்பில் செய்வது நல்லது, சாலையில் வேண்டாம். உதாரணமாக, 25 சென்டிமீட்டர் நீர் அளவுக்கு இழப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,033-ல் 25 என்பது சுமார் 2.4 சதவீதம். எந்தத் தடையும் இல்லாத, கனவில் மட்டுமே கிடைக்கும் இன்டேக்கை மாட்டினாலும் அந்த 2.4 சதவீதத்தைத்தான் மீட்க முடியும். 80 குதிரைத்திறன் எஞ்சினில் அது இரண்டுக்கும் குறைவு.

சிறிய பெட்ரோல் கார்களுக்குப் 10, 15 குதிரைத்திறன் கூடும் என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. இந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரியும். டைனோ தாள் காட்டினால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பானெட் மூடியிருந்ததா? முன்னும் பின்னும் ஒரே நாளில், ஒரே வெப்பநிலையில் அளந்தார்களா? பானெட்டைத் திறந்து, எதிரே பெரிய மின்விசிறியை வைத்து எடுத்த அளவு சாலையில் செல்லாது.

ஆனால் மாட்டியவர்கள் எல்லாரும் வண்டி பறக்கிறது என்கிறார்களே?

அது சத்தம். நிறுவனத்தின் ஃபில்டர் பெட்டியோடு ரெசனேட்டர் என்ற வெற்று அறை ஒன்று சேர்ந்திருக்கும். காற்று உறிஞ்சப்படும் இரைச்சலை அடக்குவது அதன் வேலை. அதைக் கழற்றியதும் எஞ்சின் மூச்சு இழுப்பது கேபினுக்குள் கேட்கிறது, மனம் அதை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த ஒலி எனக்கும் பிடிக்கும். அதற்காகவே வாங்குவதும் தவறில்லை. எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

என்னுடையது டர்போ பெட்ரோல். எனக்குப் பலன் அதிகமா?

நிறுவனத்தின் இசியு அமைப்பு அப்படியே இருக்கும்வரை பெரிய மாற்றம் இராது. டர்போ எஞ்சினில் இசியு ஒரு குறிப்பிட்ட பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்) அளவை இலக்காக வைத்திருக்கிறது. உறிஞ்சும் பாதையில் தடை இருந்தால் டர்போவைக் கொஞ்சம் கூடுதலாகச் சுழற்றி அதே இலக்கை எட்டிவிடும். தடை குறைந்தால் டர்போவின் பாடு குறையும், பூஸ்ட் சற்றுச் சீக்கிரம் வரலாம். அவ்வளவுதான்.

ரீமேப் செய்து, அதாவது இசியுவின் மென்பொருளை மாற்றி, பூஸ்டை உயர்த்தினால் கதை மாறுகிறது. காற்றின் அளவு கூடும்போது பாதையின் தடை அதைவிட வேகமாகக் கூடும். காற்றோட்டம் 1.3 மடங்கானால் அழுத்த இழப்பு ஏறத்தாழ 1.7 மடங்காகும். பழைய பெட்டி அங்கே திணறத் தொடங்கும். அப்போது நல்ல, மூடிய பெட்டியுள்ள இன்டேக் தன் விலைக்கு நியாயம் செய்யும். அதிலும் இன்டர்கூலரை மறக்க வேண்டாம். டர்போ அழுத்திய காற்று நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாவது சாதாரணம். அதைக் குளிரவைப்பது இன்டர்கூலர்தான். ரீமேப் செய்த காரில் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், இன்டர்கூலரை முதலில் பார்க்கச் சொல்வேன்.

டீசலுக்கு?

டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் காற்றை வைத்துக்கொண்டே ஓடுவது. சக்தியைத் தீர்மானிப்பது டீசலின் அளவு. ரீமேப் இல்லாமல் இன்டேக் மட்டும் மாற்றினால் நீங்கள் உணரக்கூடிய வித்தியாசம் இராது. சுத்தமான ஃபில்டர் போதும்.

மைலேஜ் கூடுமா?

கூடாது. சீராக ஓட்டும்போது பெட்ரோல் எஞ்சினின் த்ராட்டில் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். காற்றைத் தடுப்பதே அதன் வேலை. அதற்கு முன்னால் ஃபில்டர் கொடுக்கும் சிறு தடை அங்கே கணக்கிலேயே வராது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கணினி கட்டுப்பாட்டில் எரிபொருள் செலுத்தும் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரால்கூட மைலேஜ் குறையவில்லை, பிக்கப் மட்டுமே பாதிக்கப்பட்டது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் குறைக்காதபோது, திறந்த ஃபில்டர் எப்படிக் கூட்டும்?

மாட்டியதும் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஏன்?

பெரும்பாலும், உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் காரணம். எல்லாக் கார்களிலும் அது இல்லை. சிலவற்றில் மானிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்து இசியு காற்றைக் கணக்கிடுகிறது. உங்கள் காரில் எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேப் மட்டும் உள்ள காரில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

மாஃப் என்பது சூடேற்றிய ஒரு மெல்லிய கம்பி அல்லது தகடு. கடந்துபோகும் காற்று அதைக் குளிர்விக்கிறது. எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துக் காற்றின் எடையை இசியு அறிகிறது. அது குழாயின் நடுவில் ஒரு சிறு பகுதியை மட்டும் தொட்டுப் பார்த்து, குழாயின் விட்டம் மாறாது என்ற நம்பிக்கையில் மொத்தத்தையும் கணக்கிடுகிறது. பழைய விட்டம் 65 மில்லிமீட்டர், புதுக் குழாய் 70 என்றால், பரப்பு 16 சதவீதம் கூடிவிடும். அதே காற்று இப்போது மெதுவாகப் போகும். காற்று சுமார் 14 சதவீதம் குறைந்துவிட்டது என்று இசியு தவறாக எண்ணி, பெட்ரோலைக் குறைக்கும். கலவை வறளும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் இதைப் பிடித்துத் திருத்தும். திருத்தம் எல்லை மீறினால் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0171 என்று வந்தால் கலவை வறண்டிருக்கிறது என்று பொருள். முழு ஆக்ஸிலரேட்டரில் வறண்ட கலவை பிஸ்டனைச் சேதப்படுத்தக்கூடும். விளக்கை அழித்துவிட்டு ஓட்டுவது இதற்கு வைத்தியம் ஆகாது.

விட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, சென்சாருக்குப் பின்னால் எங்காவது காற்று கசிகிறதா, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸ் விட்டுப்போனதா என்று பாருங்கள்.

காகிதம், எண்ணெய் பூசிய பருத்தி, உலர்ந்த செயற்கை இழை: எந்த ஃபில்டர்?

இந்தக் கேள்வியில்தான் எனக்கு அக்கறை அதிகம். எஞ்சினின் ஆயுள் இதில் இருக்கிறது.

சாலைத் தூசியில் உள்ள சிலிக்கா, எஞ்சினின் இரும்பைவிடக் கடினமானது. உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். கல் குவாரி லாரிகள் ஓடும் சாலையிலோ, செம்மண் பாதையிலோ, மேம்பாலப் பணி நடக்கும் இடத்திலோ தினமும் போகிறவர்கள் ஃபில்டரை, தூசியைப் பிடிக்கும் திறனை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும், காற்றோட்டத்தை வைத்து அல்ல. நல்ல காகித ஃபில்டர் இதில் பொதுவாக முன்னிலையில் இருக்கிறது. கே அண்ட் என் போன்ற நிறுவனங்கள் புகழ்பெறச் செய்த எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர் காற்றைச் சுலபமாக விடும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் நுண்தூசியைப் பிடிப்பதில் காகிதத்துக்குப் பொதுவாகச் சற்றுக் கீழேதான். உலர்ந்த செயற்கை இழை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, எண்ணெய்த் தொல்லையும் இல்லை. மாஃப் சென்சார் உள்ள காருக்கு நான் சொல்வது உலர்ந்த வகைதான். பருத்தி ஃபில்டரைக் கழுவிய பிறகு அளவுக்கு மேல் எண்ணெய் தெளித்தால், அது காற்றோடு போய் மாஃப் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

ஃபில்டர் சோதனைக்கு ஐஎஸ்ஓ 5011 என்ற சர்வதேசத் தரமுறை இருக்கிறது. அதன்படி எத்தனை சதவீதத் தூசியைப் பிடித்தது என்று சொல்லும் நிறுவனத்தை நம்பலாம். காற்றோட்டத்தை மட்டும் பெருமையாகச் சொல்லி, பிடிக்கும் திறனைச் சொல்லாத பொருளைத் தவிர்த்துவிடுங்கள். போலிகளும் சந்தையில் உண்டு. பாதி விலைக்குக் கிடைக்கும் பிரபலப் பெயரை வாங்காதீர்கள்.

காகித ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வீஸ் கடையில் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் 'சுத்தம்' செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த அழுத்தம் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்களை உண்டாக்கலாம். அழுக்கானால் புதிது மாற்றச் சொல்லுங்கள்.

மழைத் தண்ணீர் உள்ளே போகுமா?

போகும். சென்னைக்காரர்கள் இதைக் கேட்காமல் கிட் வாங்கவே கூடாது.

குளிர்ந்த காற்றுக்காகக் குழாயை நீட்டி, ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால், சக்கரத்தின் அருகே தாழ்வாக வைக்கும் வடிவங்கள் இருக்கின்றன. வறண்ட ஊரில் அது சிறந்த இடம். தேங்கிய நீரில் அதுவே எஞ்சினுக்கு எமன். 1,197 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் சுமார் 299 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 10 என்றால், பிஸ்டன் மேலே வரும்போது எஞ்சும் இடம் சுமார் 33 மில்லிலிட்டர்தான். அதற்கு மேல் தண்ணீர் ஒரு சிலிண்டரில் புகுந்தால், தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டன் நின்றுவிடும், கனெக்டிங் ராடு வளையும். ஒரு சிறிய டம்ளர் கூட நிறையாத நீர், எஞ்சின் முழுவதையும் பிரிக்கும் செலவைக் கொண்டுவருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், நீரில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்து எஞ்சினை இழந்தவர்கள் ஏராளம்.

ஃபில்டர் ஹெட்லைட் மட்டத்தில், நிறுவனத்தின் பழைய வாய் இருந்த உயரத்துக்குக் குறையாமல் இருக்கும் கிட்டை மட்டும் பாருங்கள். ஏஇஎம் நிறுவனம் பைபாஸ் வால்வு ஒன்றை விற்கிறது. கீழே உள்ள ஃபில்டர் நீரில் மூழ்கினால் மேலிருந்து காற்றை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. டர்போ எஞ்சினுக்கு அது பொருந்தாது. ஃபில்டருக்கு மேல் மாட்டும் நீர் ஒட்டாத உறை, சாரலைத் தடுக்கும். மூழ்கினால் பயனில்லை. எந்த இன்டேக்காக இருந்தாலும், தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் தொடாமல் வண்டியை இழுத்துச் செல்லுங்கள்.

அலுமினியக் குழாயா, பிளாஸ்டிக்கா, கார்பன் ஃபைபரா?

அதிகம் யோசிக்க வேண்டாம். 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் விநாடிக்குச் சுமார் 60 லிட்டர் காற்றை இழுக்கும். 70 மில்லிமீட்டர் குழாயில் அந்தக் காற்றின் வேகம் விநாடிக்கு 15 மீட்டருக்கு மேல். ஒரு மீட்டர் குழாயைக் கடக்க ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் குழாயின் சூடு காற்றில் எவ்வளவு ஏறிவிடும்? நெரிசலில் மெல்ல ஊரும்போது மட்டும் அலுமினியம் கொஞ்சம் பாதகம். ஃபில்டரைச் சுற்றியுள்ள வெப்பத் தடுப்புப் பெட்டி பானெட்டோடு ரப்பர் விளிம்பு வைத்து முழுதாக மூடுகிறதா என்பது இதைவிடப் பல மடங்கு முக்கியம்.

சட்டப்படி சரியா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஏர் ஃபில்டர் ஆர்சி புத்தகத்தில் வரும் விவரம் அல்ல. ஆனால் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத உதிரிபாக மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. ஒலி, புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விழலாம். நிறுவனத்தின் பெட்டிக்குள் அதே அளவில் வேறு ஃபில்டர் வைப்பது பராமரிப்பு போன்றது, தொல்லை வர வாய்ப்பு குறைவு. பெட்டியையே நீக்குவது மாற்றம். கலிபோர்னியாவில் ஒவ்வொரு இன்டேக்குக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனி அனுமதி எண் கொடுக்கிறது, அதை ஸ்டிக்கராக பானெட்டுக்குள் ஒட்டுகிறார்கள். அந்த எண் உள்ள கிட், குறைந்தது புகைச் சோதனையைக் கடந்தது என்று தெரியும். இந்தியாவில் அது அனுமதி ஆகாது.

வாரண்டி, காப்பீடு?

எஞ்சினில் கோளாறு வந்தால் டீலர் முதலில் கைகாட்டுவது உங்கள் இன்டேக்கைத்தான். வாரண்டி இருக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து எஞ்சின் உடைவது பொதுவாகச் சேராது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு வேண்டும். அது இருந்தாலும், ஃபில்டரைத் தாழ்வாக இறக்கி வைத்த காரின் கோரிக்கை கேள்விக்குள்ளாகலாம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

நகரத்தில் ஓட்டும், ரீமேப் செய்யாத கார் என்றால் நிறுவனத்தின் பெட்டியையே வைத்துக்கொண்டு, நல்ல காகித ஃபில்டரோ உலர்ந்த வகை மாற்று ஃபில்டரோ போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்கினால் கார் ஓட்டுவதன் சுகமே மாறும்.

ரீமேப் செய்த டர்போ கார், அல்லது கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் என்றால், மூடிய பெட்டியுள்ள முழு கிட் வாங்கலாம். உங்கள் எஞ்சின் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று சொல்லும் கிட், எந்தக் காருக்கும் சரியாகப் பொருந்தாது. மாஃப் பகுதியின் உள் விட்டம், பிரீதர் ஹோஸுக்கான வாய், குழாயைத் தாங்கும் பிராக்கெட் ஆகிய மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அந்தக் கூம்பு ஃபில்டர் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைக்காவிட்டால், இரண்டு வருடத்தில் முழு கிட்டும் வீணாகும்.

மாட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

முதல் வாரத்தில் எல்லாக் கிளாம்புகளையும் ஒருமுறை இறுக்குங்கள். சூடேறி ஆறும்போது சிலிக்கோன் இணைப்புகள் சற்றுத் தளரும். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (பெட்ரோல் அளவில் இசியு செய்துவரும் திருத்தம்) என்ற எண்ணை மாட்டும் முன் குறித்துவைத்து, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒப்பிடுங்கள். சில சதவீத வித்தியாசம் இயல்பு. பத்தைத் தாண்டினால் விட்டமோ கசிவோ எங்கோ தவறு. குழாயின் உட்புறத்தை, ஃபில்டருக்குப் பிந்திய பக்கம், வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் நிறம் ஏறினால் அந்த ஃபில்டரை அன்றைக்கே கழற்றிவிட்டுப் பழைய பெட்டியை மாட்டுங்கள். கிட் மாட்டும் நாளில் அந்தப் பெட்டியை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடாமல், கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.